கயிற்றுக்கு அந்தப் பக்கம்

2019-ம் வருடம் மே மாதம் மகளின் பிரசவத்துக்காகச் சிகாகோ போனேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தப் 'பிரசவப் பயணம்' போய் வந்தவைதான். ஆகையால் ஊறுகாய் பாட்டிலைக் கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்த கதையையெல்லாம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது அங்கே ஒரு கடற்கரையில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி. அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பறவையைப் பற்றி.

பேத்தி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. எனக்கும் மகளுக்கும் முதல் சண்டையும் வந்துவிட்டது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, காலில் போட்டு நீவி, உரை மருந்து கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த வளர்ப்பு. அவளுக்கோ டாக்டர் சொன்னது மட்டும்தான் வேதம். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நானே பார்த்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இவர் ஒன்றும் பேசாமல் செருப்பை எடுத்து வைத்தார். "வா, ஏரிப்பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றார்.

ஏரியா, கடலா?

மிச்சிகன் ஏரிக்கு ஏரி என்று பெயர்தானே தவிர, நம் கண்ணுக்கு அது கடல்தான். அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, அக்கரை தெரிவதில்லை. உப்பு வாசனை மட்டும் கிடையாது. நகரத்தின் வடபகுதியில் மான்ட்ரோஸ் கடற்கரை என்று ஓர் இடம். நம் ஜூஹூ மாதிரி பொது ஜனங்களின் கடற்கரை. கைப்பந்து ஆடுகிறவர்கள், வெயில் காய்கிறவர்கள், நாய்களை ஓடவிடத் தனியாக ஒரு பகுதி, ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் உண்டு. சிகாகோவில் வருடத்தில் பாதி நாள் குளிர். கோடை மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் ஊரே மணலில் கிடக்கும்.

நான் மகள் சொன்னதை மனதில் போட்டு அரைத்துக்கொண்டே நடந்தேன். குறுக்கே ஒரு கயிறு. குச்சிகளை நட்டு இடுப்பளவில் கட்டியிருந்தார்கள். ஏதோ வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று குனிந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். "ப்ளீஸ், மேடம்!" என்று ஒரு குரல். தொப்பியும் தொங்கு பையுமாக ஓர் அம்மாள் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். அன்று காலையில் இரண்டாவது முறையாக என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியைக் காட்டி, "பாருங்கள்" என்றார். குனிந்து பார்த்தேன். வெறும் மணல்தான் தெரிந்தது, அதன் மேல் கவிழ்த்த ஒரு கம்பிக் கூண்டு. சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகு, கூண்டுக்குள் மணலின் ஒரு பகுதிக்குக் கண் இருப்பது தெரிந்தது! கருத்த கண், கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு நிற அலகு. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. உலர்ந்த மணலின் நிறம் அப்படியே அதன் முதுகில்.

"பைப்பிங் ப்ளோவர். அடைகாக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு உப்புக்கொத்தி என்று பெயர். அதே பறவை இல்லை. ஆனால் அதன் அமெரிக்கச் சித்தப்பா மகள் என்று சொல்லலாம்.

வேதாரண்யத்து உப்பளத்தில்

நான் பிறந்தது வேதாரண்யம். அப்பாவுக்கு உப்பளத்தில் கணக்கெழுதும் வேலை. கோடை விடுமுறையில் நானும் அண்ணனும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவோம். பாத்திகளுக்கு நடுவே காய்ந்த வரப்பில், மணல் திட்டில், சின்னக் குழியில் முட்டை கிடக்கும். கூடு என்று ஒன்றும் இருக்காது. மணல் நிறத்தில் கறுப்புப் பொட்டு வைத்த மூன்று முட்டை, பெரிய நெல்லிக்காய் அளவில்.

நாங்கள் கிட்டே போனால் ஒரு குருவி இறக்கை ஒடிந்தது மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு ஓடும். அண்ணன் அதைத் துரத்துவான். பிடிபடுவது போலவே இருக்கும், பிடிபடாது. வெகுதூரம் போனதும் ஜம்மென்று பறந்துவிடும். நான் அதற்குள் முட்டைகளைப் பாவாடையில் எடுத்துக்கொள்வேன். ஒருமுறை மூன்று முட்டைகளையும் வீட்டு அடைகோழிக்கு அடியில் வைத்தோம். ஒன்றும் பொரிக்கவில்லை. பாட்டி பார்த்துவிட்டு, "எந்தத் தாய் வயித்தெரிச்சலையோ கொட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்று திட்டினாள். அன்றோடு முட்டை எடுப்பது நின்றது. ஆனால் போய் நின்று வேடிக்கை பார்ப்பது நிற்கவில்லை. தொடாமல் பார்த்தால் என்ன குற்றம் என்று நினைத்தோம்.

என்ன குற்றம் என்பதை அறுபது வயதுக்கு மேல் சிகாகோவில்தான் தெரிந்துகொண்டேன்.

பறவை அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நான்கூடப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். திறந்த மணலில் முட்டையிடும் பறவைக்குப் பகலில் வேலை நேர் எதிரானது. வெயிலிலிருந்து முட்டைக்கு நிழல் கொடுக்கத்தான் அது உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்து உப்புக்கொத்திகள் கொதிக்கும் வெயிலில் தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருமாம். நாம் கிட்டே போய் நின்றால் தாய் எழுந்து ஓடுகிறது. நாம் நிற்கும்வரை திரும்பி வராது. சித்திரை வெயிலில் அந்த மணல் சுடுவது உங்களுக்குத் தெரியும். முட்டைக்குள் இருக்கும் உயிர் அவிந்து போக வெகு நேரம் வேண்டாம்.

ஆக, அண்ணன் குருவியைத் துரத்தியதும், நான் குழி அருகே குந்தி வேடிக்கை பார்த்ததும், முட்டையை எடுத்துப்போனதும் ஏறக்குறைய ஒரே காரியம்தான்.

பதினேழு ஜோடி

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டில் இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். அந்த அம்மாள் ஒரு வாலண்டியர், சம்பளமில்லாத காவல். அவரைப் போல் பலர் முறைவைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை நின்றார்கள். அவரிடம் கேட்டதும், பிறகு மாப்பிள்ளை வரவழைத்துக் கொடுத்த புத்தகங்களில் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பறவையின் எடை சுமார் 50 கிராம். குழல் ஊதுவது மாதிரி மெல்லக் கூவுவதால் அந்தப் பெயர். வட அமெரிக்காவில் மூன்று பகுதிகளில் இனம் பெருக்குகிறது: அட்லாண்டிக் கடலோரம், நடுப்பகுதிச் சமவெளி, பேரேரிகளின் கரை. பேரேரிக் கரைகளில் ஒரு காலத்தில் 500 முதல் 800 ஜோடிகள் இருந்தன என்று கணக்கிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டுமென்று கடற்கரைப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். 1918-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். பறவைகள் சற்றுத் தேறின. பிறகு இரண்டாம் உலகப் போர் முடிந்து மக்கள் கையில் காசும் காரும் வந்ததும் கடற்கரை எங்கும் வீடு, விடுதி, கூட்டம். இந்த முறை யாரும் சுடவில்லை. இடம்தான் போயிற்று. 1986-ல் அழியும் நிலையில் உள்ள இனம் என்று சட்டப்படி அறிவித்தபோது பேரேரிகள் முழுவதற்கும் மிஞ்சியது 17 ஜோடி!

மிஞ்சியவற்றைக் காப்பாற்ற அவர்கள் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கூட்டைக் கண்டதும் சுற்றிலும் கயிறு கட்டி அறிவிப்புப் பலகை வைப்பது. கூட்டின்மேல் கம்பி வலைக் கூண்டு கவிழ்ப்பது. கண்ணி அளவு தாய் தந்தை நுழையப் போதும், காக்கையும் நரியும் நுழைய முடியாது. நாயைக் கட்டிப் பிடிக்கச் சொல்வது. தின்ற மிச்சத்தை மணலில் போடாதே என்பது. குப்பைக்குக் கடற்காகம் வரும், ரக்கூன் வரும், வந்தவை குஞ்சையும் விடுமா? கூட்டருகே பட்டம் விடவும் தடை. மேலே மிதக்கும் பட்டம் பறவையின் கண்ணுக்குப் பருந்து! மகர சங்கராந்திக்கு மொட்டை மாடியில் பட்டம் விடும் ஊரில் இருக்கும் நமக்கு இது தோன்றவே தோன்றாது.

தாயோ தந்தையோ செத்து, கைவிடப்பட்ட முட்டைகளை மட்டும் எடுத்துப்போய் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தில் இயந்திரத்தில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் கரையில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பறவையின் காலிலும் நிற வளையங்கள். அவற்றை வைத்து இது இன்னாருடைய பிள்ளை, இன்ன வருடம் இன்ன கரையில் பிறந்தது என்று ஜாதகமே சொல்கிறார்கள்.

மான்டியும் ரோஸும்

மான்ட்ரோஸ் கரையில் நான் பார்த்த ஜோடிக்கு அந்தக் கரையின் பெயரையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: ஆணுக்கு மான்டி, பெண்ணுக்கு ரோஸ். சிகாகோ நகரம் இந்தப் பறவையின் கூட்டைப் பார்த்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இத்தனை மைல் ஆளில்லாத கரை இருக்க, இந்த இரண்டும் கைப்பந்து ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து குடியேறின.

நான் பார்த்தது இரண்டாவது கூடு. முதல் கூடு ஜூன் தொடக்கத்திலேயே போயிற்று. அந்த வருடம் ஏரியில் தண்ணீர் மிக உயரம். மழையும் அலையும் சேர்ந்து மணலை மூழ்கடிக்க, முட்டைகளை எடுத்து லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இரண்டும் துக்கம் கொண்டாடவில்லை. சில நாளில் மேட்டில் இன்னொரு குழி தோண்டி மறுபடி முட்டையிட்டன. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. தந்தை பாதி முறை உட்கார்வதைப் பார்த்து நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு வாதம் எழுந்தது. ஆகஸ்டில் அதே கரையில் பெரிய இசை விழா ஒன்று நடக்க இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் கூடும் விழா. குஞ்சுகள் பறக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். விழாவை இங்கே நடத்தாதீர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். மறுபக்கமும் பேசியது. ஒரு நாள் காலை, இரண்டு பையன்களுடன் வந்த ஒரு தகப்பனார் கயிற்றருகே நின்று அந்த அம்மாளிடம் கேட்டார்: "எங்களுக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் கடற்கரை. வரி கட்டுவது நான். ஒரு குருவிக்காக என் பிள்ளைகள் சுற்றிப் போக வேண்டுமா?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இந்தச் சண்டை இன்னும் கடுமை. கோடை முழுக்கக் கார் போகும் கரைகளை அடைத்ததில் கோபம் கொண்டவர்கள், இந்தப் பறவை கோழிக்கறி ருசி என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்ததும் உண்டு.

அந்த அம்மாள் சட்டம் பேசவில்லை. பையன்களைக் கூப்பிட்டுத் தொலைநோக்கியைக் காட்டினார். சின்னவன் மணலில் கண்ணைக் கண்டுபிடித்துக் கத்தினான். பெரியவனுக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்த பிறகு நகர மாட்டேன் என்றான். தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரும் குனிந்து பார்த்தார். சமாதானம் ஆனாரா என்று தெரியாது. ஆனால் போகும்போது மூன்று பேரும் கயிற்றைச் சுற்றித்தான் போனார்கள்.

ஜூலை நடுவில் குஞ்சு பொரித்தது. மூன்று குஞ்சுகள். இலவம்பஞ்சுத் துணுக்குக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. இவற்றுக்கு ஊட்டிவிடும் வேலையே தாய்க்குக் கிடையாது. பொரித்த சில மணி நேரத்தில் தாமே ஓடி, ஈரமணலில் பூச்சி பொறுக்கித் தின்கின்றன. தாயும் தந்தையும் செய்வது இரண்டே காரியம்: குளிர்ந்தால் இறக்கைக்குள் கூப்பிடுவது, ஆபத்து வந்தால் எச்சரிப்பது. மற்ற நேரமெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான். அந்த மாதம் முடிவதற்குள் இசை விழா ரத்து என்று அறிவிப்பு வந்தது. மூன்றில் இரண்டு குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன.

சற்றுத் தள்ளி நிற்பது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதை யோசித்தேன். அன்று மாலை மகள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது நான் சமையலறையிலிருந்து வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்: "அம்மா, தலையைப் பிடிக்கத் தெரியலை. கொஞ்சம் வாயேன்." போனேன். பிடித்தேன். எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள். உரை மருந்து மட்டும் கடைசிவரை கிடையாது. அதுவும் சரிதான்.

அடுத்த தலைமுறை

அக்டோபரில் மும்பை திரும்பினோம். பிறகு நடந்ததெல்லாம் மகள் போனில் சொன்ன செய்திகள். மான்டி குளிர்காலத்தை டெக்ஸஸில் கழிக்கும், ரோஸ் ஃபுளோரிடாவில். ஏப்ரல் கடைசியில் தனித்தனியாகப் பறந்து வந்து அதே கரையில் சந்தித்துக்கொள்ளும். 2020-ல் கொரோனாவால் சிகாகோவின் கடற்கரைகள் கோடை முழுவதும் மூடிக்கிடந்தன. நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்தோம். மான்டி, ரோஸ் இரண்டும் மூன்று குஞ்சுகளை வளர்த்தன. அதில் ஒன்று அடுத்த வருடமே ஒஹாயோ மாநிலத்துக்குப் போய்க் கூடு கட்டியது. எண்பது வருடத்துக்குப் பிறகு அந்த மாநிலத்தில் முதல் கூடு!

2021-ல் கம்பிக் கூண்டையும் மீறி ஸ்கங்க் என்ற பிராணி முட்டைகளைத் தின்றுவிட்டது. மறுபடி முட்டையிட்டன, நான்கு பொரித்து, இரண்டு பிழைத்தன. அவற்றில் ஒன்றுக்கு இமானி என்று பெயர். ஸ்வாஹிலி மொழியில் நம்பிக்கை என்று பொருள்.

2022 ஏப்ரலில் மான்டி வந்தது. ரோஸ் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மான்டி கரையில் மேலும் கீழும் ஓடிக் கூவிக்கொண்டிருந்ததாம். மே 13-ந் தேதி எல்லோர் கண்ணெதிரிலும் மூச்சுத் திணறி விழுந்து செத்தது. நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்று பரிசோதனையில் தெரிந்தது. கயிற்றருகே ஜனங்கள் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். மகள் போனில் அழுதாள். "ஒரு குருவிக்கு இத்தனை அழுகையா?" என்று கேட்ட இவரும் அப்புறம் வெகுநேரம் பால்கனியில் போய் நின்றார்.

2024 கோடையில் மறுபடி சிகாகோ போனோம். பேத்திக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அவள்தான் என் கையைப் பிடித்து மான்ட்ரோஸ் கரைக்குக் கூட்டிப்போனாள். கயிறு அங்கேயே இருந்தது. பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தை இன்னும் விரிவாக்கி, மான்டி - ரோஸ் பெயரையே வைத்திருந்தார்கள். உள்ளே இமானி! பிறந்த கரைக்கே திரும்பி வந்து, இரண்டு வருடம் துணை கிடைக்காமல் தனியாகச் சுற்றி, அந்த வருடம்தான் ஜோடி சேர்ந்திருந்தது. துணையின் பெயர் ஸீ ராக்கெட், மணலில் வளரும் ஒரு செடியின் பெயர். மனிதர்கள் கையில் வளர்ந்து, 2023-ல் அதே கரையில் விடப்பட்ட பறவை அது. இரண்டின் குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைத்தது. அந்த ஒன்று ஈரமணலில் ஓடுவதையும், இமானி தள்ளி நின்று பார்ப்பதையும் பேத்தி மூச்சுவிடாமல் பார்த்தாள். கயிற்றின்மேல் சாய்ந்த என்னை, "பாட்டி, கயித்தைத் தொடக் கூடாது" என்று அதட்டவும் செய்தாள்.

17 ஜோடியில் தொடங்கியது, 2025-ல் பேரேரிகளில் 88 ஜோடியாகியிருக்கிறது. அவர்கள் வைத்திருக்கும் இலக்கு 150. முப்பத்தொன்பது வருட உழைப்பில் எழுபத்தோரு ஜோடி கூடுதல். ரூபாய் கணக்கில் பார்த்தால் நஷ்ட வியாபாரம் என்பார் இவர். வங்கியில் வேலை பார்த்தவர் அப்படித்தான் சொல்வார்.

நம் கரைகளில்

இதை ஏன் நமக்கு எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. 2023-ல் இலங்கை, சீனா, பிரிட்டன் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் வருடம் முழுதும் தங்கிக் குஞ்சு பொரிக்கும் சின்ன உப்புக்கொத்தி, இத்தனை நாள் நினைத்தது போல் வடக்கே வாழும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை இல்லை, தனி இனம் என்று கண்டார்கள். இறக்கையும் வாலும் அலகும் அதைவிடக் குட்டை. மரபணுவும் வேறு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹனுமான் உப்புக்கொத்தி! இலங்கைக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள சேதுவை நினைத்து வைத்த பெயர். நான் பாவாடையில் அள்ளிய முட்டைகள் அந்த இனத்தினுடையதாகத்தான் இருக்கலாம். உலகத்தில் வேறெங்கும் வீடில்லாத பறவை, நம் ஜனநெருக்கடி மிகுந்த கரைகளிலும் உப்பளங்களிலும் முட்டையிடுகிறது. அங்கே அதற்குக் கயிறு கட்ட ஆள் வேண்டாமா?

நம்மால் முடியாத காரியம் என்று சொல்லிவிட வேண்டாம். மும்பைக்குத் தெற்கே ரத்னகிரி மாவட்டத்தில் வேளாஸ் என்ற கிராமம் இருக்கிறது. நம் சங்கத்தாரில் சிலர் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறீர்கள். அங்கே கடலாமை முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்ற காலம் இருந்தது. சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பு 2002-ல் தொடங்கிய முயற்சியால், இன்று அதே கிராமத்தார் முட்டைகளுக்கு வேலி கட்டிக் காவல் காக்கிறார்கள். குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் நாட்களில் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே சோறும் இடமும் கொடுத்து வருமானமும் பார்க்கிறார்கள். சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவில் நடந்து நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆமைக்குச் செய்ததைக் குருவிக்குச் செய்ய முடியாதா?

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஆமை முட்டையை எடுத்துப் பத்திரமான வேலிக்குள் புதைக்கலாம். தாய் கடலுக்குப் போய்விட்டது, தேடாது. உப்புக்கொத்தியின் முட்டையை நாம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது, கிட்டே போய் நிற்கவும் கூடாது. அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒதுங்கிப் போவது ஒன்றுதான். உதவி செய்கிறேன் என்று ஓடிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். குலதெய்வம், கல்யாணம் என்று முடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். கோடிக்கரையோ தனுஷ்கோடியோ தூத்துக்குடிப் பக்கமோ, ஆளில்லாத மணல்வெளியில் ஒரு சின்னக் குருவி இறக்கையை இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், அதன் இறக்கை ஒடியவில்லை. முட்டை அருகில் இருக்கிறது என்று அர்த்தம். துரத்த வேண்டாம். படம் எடுக்கத் தேடவும் வேண்டாம். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். காரை மணல்மேட்டில் ஏற்றாதீர்கள். பொட்டலத்தையும் மிச்சச் சோற்றையும் பையிலேயே திருப்பி எடுத்து வாருங்கள். காக்கைக்கும் தெருநாய்க்கும் நாமே வழிகாட்ட வேண்டாம். பிள்ளைகள் கேட்டால், தூரத்தில் உட்கார்ந்து சற்று நேரம் அசையாமல் பார்க்கச் சொல்லுங்கள். குருவி திரும்பி வந்து உட்காரும். மணலுக்குக் கண் முளைக்கும். அதைப் பார்த்த பிள்ளை மறக்காது.

இந்த வருடம் அண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு எழுபத்திரண்டு வயது. ஊரிலேயே இருக்கிறான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் குருவி நம்மை ஏமாத்தித்தான் அவ்வளவு தூரம் ஓட வெச்சுதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிரித்தான். மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். உப்பளப் பக்கம் நடந்து போனானாம். வரப்பில் ஒன்று ஓடிற்றாம்.

"கிட்டப் போனியா?" என்றேன்.

"போகலை. திரும்பி வந்துட்டேன்" என்றான்.